மண் ஒட்டாத காளான்கள்

காட்டுக்குப் போகும் அன்று பிளாஸ்டிக் பை எடுத்துவர நான் யாரையும் விடமாட்டேன். பிளாஸ்டிக்கில் காளானுக்கு வியர்த்துவிடும். வியர்த்தால் ஒரு மணி நேரத்தில் குழைந்து, எது எந்தக் காளான் என்றே சொல்ல முடியாமல் போகும். துணிப்பை நல்லது. பிரம்புக்கூடை இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் கூடை ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

தாளும் பேனாவும் கொடுத்து, நிதானமாக எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போயிருக்கிறீர்கள். நன்றி. எனக்கு எழுத வரும், பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கே என் குரல் கேட்காது.

வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மாமியார், என் கணவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, நான், என் மகள். என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. அவர் தம்பியை எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியைச் சின்னவள் என்று. மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் வரும், சிறுநீர் வரும், சளி வரும். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். நான் எழுதிக் கொடுத்ததை யாரும் திருப்பி அனுப்பியது கிடையாது.

வீட்டில் கதை வேறு. மாமியார் விருந்தாளிகளிடம் என்னைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "பெரியவளா? வீட்ல இருக்காளா, வேலைக்குப் போயிட்டாளான்னு எனக்கே தெரியாது. பூனை நடந்தாக்கூட சத்தம் கேக்கும்." அன்பாகத்தான் சொல்வார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் அப்போது அவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அப்படி இல்லை. முதல் பெருமழை விட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காட்டுக்குப் போவோம். ஊருக்கு வெளியே முக்கால் மணி நேரப் பயணம். நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது நான்தான். படிக்கும்போது பூஞ்சைகள்தான் எனக்குப் பிடித்த பாடம். பூக்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே. காளான் மண்ணுக்கடியில் ஒரு வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இரண்டு நாள் தலையைக் காட்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

காட்டின் முனையில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், நீளமான மரமேஜை ஒன்று உண்டு. எல்லோரும் பொறுக்கிவந்ததை அதன்மேல் விரித்த பழைய போர்வையில் கொட்டுவார்கள். நான் பெஞ்சில் உட்காருவேன். ஒவ்வொரு காளானும் என் கைக்கு வரும். திருப்பிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், வேண்டுமானால் குறுக்கே வெட்டிப் பார்ப்பேன். நல்லது வலப்பக்கம் போகும், மற்றது இடப்பக்கம். சின்னவர் அதற்குக் கோர்ட் என்று பெயர் வைத்திருந்தார்.

"கோர்ட் கூடியாச்சு! குற்றவாளிங்களை ஆஜர் பண்ணுங்கப்பா. அண்ணி, இந்தக் குண்டனுக்கு மட்டும் ஜாமீன் குடுத்துடுங்க, ஒரு மணி நேரம் மரத்துல ஏறி எடுத்தேன்."

"இது புழு வெச்சது" என்பேன் நான்.

"போச்சு, தூக்குத்தண்டனை!"

அந்த ஒரு மணி நேரம் மாமியார்கூட வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் காரணம் சொல்ல மாட்டேன். வலம், இடம், அவ்வளவுதான். யாரும் கேட்டதும் இல்லை. பதினோரு வருடம் அப்படி நடந்தது. பதினோரு வருடத்தில் யாருக்கும் வயிற்றுவலிகூட வந்ததில்லை.

எனக்கு இருந்தது அது ஒன்றுதான். இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

சின்னவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் உடற்பயிற்சி கொடுத்து நடக்கவைக்கும் வேலை செய்தாள். பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். வந்த முதல் வாரமே மாமியாரின் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் மாமியார் மாடிப்படி ஏறினார். "இத்தனை வருஷமா இந்த வீட்ல ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி இருக்கா, என் முட்டியை ஒரு நாள் தொட்டுப் பாத்தாளா?" என்று என் கணவரிடம் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் முழங்காலைப் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் "விடும்மா" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது அதுதான்.

நான் அவளை வெறுக்கவில்லை. வெறுக்கும்படி அவள் நடந்துகொள்ளவில்லை. எனக்குச் சூடாக ஒரு தட்டு எடுத்துவைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் முதலில் நினைத்தவள் அவள்தான். ஒரு நாள் எடுத்துவைத்தாள். மறுநாள் மறந்துவிட்டாள்.

முதல் வருடம் காட்டில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நோட்டுப்புத்தகத்தில் படம் வரைந்தாள். நான் ஒரு காளானை இடப்பக்கம் வைத்தேன்.

"அக்கா, இது ஏன் வேண்டாம்?"

மேஜையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை யாராவது கேட்கலாம் என்று அதுவரை அவர்களுக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அடுத்ததுக்கும் கேட்டாள். நானும் சொன்னேன். மாலைக்குள் அவளிடம் பதினாறு பக்கம் இருந்தது. திரும்பி வரும்போது வண்டியில் சின்னவர், "அட, இவ்வளவுதானா விஷயம்? நான் என்னமோ அண்ணிக்கு அருள் வருதுன்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

இரண்டாம் வருடம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். என் வழக்கப்படி எந்தக் காளானையும் வெட்டி எடுக்கக் கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டு அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். அது பெரிய தொல்லை. பையெல்லாம் மண்ணாகும், வீட்டில் கழுவிக் கழுவிக் கை மரத்துப்போகும். கழுவுகிறவள் நான்தான் என்பதால் அதுவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சின்னவளும் என்னோடு நின்று கழுவினாள்.

"அக்கா, ஏன் அடியோட எடுக்கணும்? கத்தியால தண்டோட வெட்டினா சுத்தமா இருக்குமே. ஏதாவது காரணம் இருக்கா?"

காரணம் இருக்கிறது. எங்கள் காட்டில் விளையும் நல்ல வெள்ளைக்காளானுக்கும் ஆளைக் கொல்லும் வெள்ளைக்காளானுக்கும் தலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, அதுவும் இளசாக இருக்கும்போது. வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. கெட்டதன் தண்டுக்கு அடியில், உடைந்த முட்டை ஓட்டைப் போல ஒரு மெல்லிய உறை இருக்கும். தோண்டினால் தெரியும். வெட்டினால் அது மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது வெள்ளை வெளேரென்று அழகான ஒரு காளான்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இதையும் சொன்னால் அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள், அத்தோடு என்னிடம் எதுவும் மிச்சமிருக்காது என்று நினைத்தேன்.

"காரணமெல்லாம் இல்ல. பழக்கம்தான்" என்றேன்.

இதுதான் நான் அவளிடம் சொன்ன முதல் பொய். அப்போது யாரையும் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். எல்லோரும் பீரோவில் ஏதாவது ஒன்றைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வருடம், அதாவது போன வருடம், மழை விட்ட வாரம் அவள் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்ன வளைந்த கத்தி வாங்கிவந்தாள். மரக்கைப்பிடி, மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வெட்டி எடுத்தால் காட்டுக்கும் நல்லது என்று எதிலோ படித்திருந்தாள். மாமியாருக்கு ரொம்பச் சந்தோஷம்.

"ஏன் மண்ணோட தூக்கிட்டு வரணும்? சின்னவ சொல்றதுதான் சரி."

நான் "மண் இருந்தா இருக்கட்டுமே அத்தை" என்றேன்.

"நீ பேசாம இரு. காரணம் இல்ல, பழக்கம்தான்னு நீயே சொன்னியாமே."

சாப்பாட்டு மேஜையில் சிரிப்பு. பிறகு மாமியார், யாருக்கு எத்தனை சப்பாத்தி எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்வது போல அதையும் சொன்னார். "இந்த வருஷம் கோர்ட்டையும் சின்னவளே பாக்கட்டும். பெரியவளுக்குப் பாவம், நாள் முழுக்க மைக்ராஸ்கோப் பாத்துப் பாத்துக் கண்ணு வலி."

எனக்குக் கண்வலி இருந்ததில்லை.

"அய்யோ அத்தை, அக்காதான் பாக்கணும், நான் கத்துக்குட்டி" என்றாள் சின்னவள். ஒரு தடவைதான் சொன்னாள். நான் மறுபடி சொல்வாளா என்று காத்திருந்தேன். சின்னவர், "பழைய ஜட்ஜ் ரிட்டயர் ஆகலாம்மா, பென்ஷனுக்கு ரெண்டு காளான் கூடப் போட்டுத் தர்றோம்" என்றார். என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகள் சித்தியின் கத்தியை மடக்கி மடக்கித் திறந்துகொண்டிருந்தாள்.

நான் கூடையைச் சின்னவளிடம் கொடுத்தேன். "வெச்சுக்கோ" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. நல்ல பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காட்டில் இருந்தோம். மாமியார் மடக்கு நாற்காலியில் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் பிரிந்து போனோம். சருகு நனைந்திருந்தது, கால் வைத்தால் சத்தமே வராது. தூரத்தில் சின்னவர் பாடிக்கொண்டிருந்தார், மகள் காதைப் பொத்திக்கொள்வதாகக் கத்தினாள். "சித்தி, இவரை முதல்ல இடப்பக்கம் போடுங்க!" நான் அரை மணி நேரம் தனியாக இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு எல்லோரும் மேஜைக்கு வந்தார்கள். சின்னவள் என் இடத்தில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். மண் ஒட்டாத காளான்கள். போர்வை துவைத்துப் போட்டது போல அப்படியே இருந்தது. மாமியார் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் நன்றாகவே பார்த்தாள். நான் அதை மறைக்கப் போவதில்லை. எட்டு பத்துக் காளான்களை இடப்பக்கம் வைத்தாள், அத்தனையும் சரி. நான் அவளுக்கு எதிரே நின்று ஒவ்வொன்றையும் மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். சின்னவரின் பையிலிருந்து நான்கு வெள்ளைக்காளான்கள் வந்தன. மூன்றை வலப்பக்கம் வைத்தாள். நான்காவதில் நிறுத்தினாள்.

"இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே." திருப்பிப் பார்த்தாள். "எங்க எடுத்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? பையில இருந்தது. வெட்டினேன், போட்டேன்" என்றார் சின்னவர். "ஜட்ஜம்மா, சாட்சியை மெரட்டக் கூடாது."

அவள் அதை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க பாருங்களேன்."

வாங்கினேன். திருப்பினேன். முகர்ந்தேன். பழைய பழக்கத்தில் எல்லோரும் பேசாமல் என் கையைப் பார்த்தார்கள். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிக நேரமே வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

"நீ என்ன நெனைக்கிற?" என்றேன்.

"தலைக்கு அடியில மடிப்பு வெள்ளையா இருக்கு, நல்லதுல கொஞ்சம் நிறம் இருக்குமே... இளசா இருக்கறதால இருக்குமோ?"

"இருக்கும்" என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்து, அதை வலப்பக்கம் வைத்தாள். நோட்டில் ஒரு குறிப்பும் எழுதினாள். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது. இளசாக இருந்தால் வெள்ளை, அக்கா உறுதி செய்தார் என்று இருக்கும்.

மதியம் சமைத்தது நான். வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, காளானைப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை வைத்து, மிளகுத்தூள் தூவினேன். எங்கள் வீட்டில் நான் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவேன். காளான் எனக்கு மிஞ்சியதே இல்லை. பதினோரு வருடம் மிஞ்சவில்லை, அன்றும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். பிறகு உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, நான் ஏன் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் சந்தேகமாகப் படவில்லை. வீட்டில் எல்லோருமே, அவளுக்கு எப்பவும் மிஞ்சாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

என் மகளுக்குக் காளான் பிடிக்காது. அந்தக் கொழகொழப்பு ஆகாது. அதனால் அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லாமல் இருந்தது. ஆனால் அன்று அவள் தட்டை நீட்டினாள்.

"சித்தி பாத்த காளான்தானே, நான் ஒரு துண்டு சாப்பிட்டுப் பாக்கறேன்."

பதினோரு வருடம் நான் பார்த்த காளானை அவள் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. இருந்தாலும் அவள் என் மகள். ஒரு சொல் சொல்லி நிறுத்தினால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னவள் ஏற்கெனவே இரண்டு துண்டு வைத்துவிட்டாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்பை அவள் தட்டில் கவிழ்த்தேன்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் மாமியார். "ஒரு நாள் நல்லதா ஒண்ணு சாப்பிட விடுவாளா!"

"பரவால்ல அத்தை, என் தட்டுல இருந்து தர்றேன்" என்றாள் சின்னவள்.

"அவளுக்கு நாளைக்குப் பரீட்சை. வயிறு கெட்டா கஷ்டம்" என்றேன். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்கென்று சின்னவள் தன் தட்டிலிருந்து எடுத்ததைச் சின்னவர் சாப்பிட்டார். "வேணாம்னு சொன்னா விட்டுடுவோமா?"

என் கணவரைப் பற்றி நீங்கள் கேட்கலாம். அவரும் மேஜையில் இருந்தார், அவரும் சாப்பிட்டார். உண்மையைச் சொன்னால் அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசித்து முடிவு செய்ததல்ல. நினைவுக்கு வரவில்லை. அவர் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார்.

மறுநாள் விடிவதற்குள் நான்கு பேருக்கும் வாந்தி. மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். சின்னவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, காளானின் பெயரைச் சொன்னாள். நல்ல காளானின் பெயர். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நம்ம லேப்ல இருக்கறவங்கதானே? உங்களுக்குக் காளான் நல்லாத் தெரியும்னு சொன்னாங்களே?"

"இந்த வருஷம் நான் பாக்கல சார்" என்றேன்.

அப்போது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவர் வேறு மருந்து கொடுத்திருப்பார். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. சொன்னால் தவறு செய்தது அவள், கண்டுபிடித்தது நான் என்றும் ஆகியிருக்கும். நான் அதையும் யோசித்தேன். ஆனால் மேஜையில் காளானைக் கையில் வாங்கிப் பார்த்தாயே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் சின்னவராகத்தான் இருப்பார். அதையும் வேடிக்கையாகத்தான் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அந்த நஞ்சு அப்படித்தான், ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். சின்னவர் கட்டிலில் உட்கார்ந்து நர்ஸிடம் வம்பு பேசினார். மாமியார் வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தார். அவர்களுடைய ரத்தமாதிரிகள் என் மேஜைக்குத்தான் வந்தன. வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றேன். புதன்கிழமை காலை, ஈரல் கெடுவதைக் காட்டும் எண்கள் ஏறத் தொடங்கியிருந்தன. மதியம் மறுபடி எடுத்தபோது இரண்டு மடங்கு. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வந்த எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வேலையில் நான் ஏமாற்றியதில்லை.

வியாழக்கிழமை கண்கள் மஞ்சளாயின. மாமியார் சனிக்கிழமை போனார். சின்னவர் திங்கட்கிழமை. கடைசி இரண்டு நாள் அவருக்கு ஆள் தெரியவில்லை. ஒரு தடவை மட்டும் என்னைப் பார்த்து, "கோர்ட் முடிஞ்சுதா அண்ணி?" என்றார். முடிந்தது என்று சொல்லி, போர்வையைச் சரிசெய்தேன்.

சின்னவள் பிழைத்தாள். பாதி ஈரல் வேலை செய்யவில்லை, தலைமுடி கொட்டிவிட்டது. இப்போது பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போவதில்லை. நோயாளிகளைத் தொடப் பயப்படுகிறாளாம், ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறாளாம். உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், வெட்ட வேண்டாம் என்று அக்கா எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அது உண்மை இல்லை. நான் எச்சரிக்கவில்லை. அவளுக்கு இப்போது அப்படித் தோன்றுகிறது.

மகள் சித்தியின் பெயரைச் சொல்வதில்லை. அவள் கொடுத்த கத்தியைச் சாக்கடையில் எறிந்தாள். அப்படிச் செய்யக் கூடாது, சித்தி தெரியாமல் செய்தது, மன்னிக்கப் பழகு என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வேறு யார் சொல்வார்கள்?

இனி அந்த அரை மணி நேரம்.

அந்த நான்கு காளான்களும் ஒரு பட்ட மரத்தடியில், பாசிக்கு நடுவில் இருந்தன. அவற்றைச் சின்னவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பார்த்ததும் யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தேன். பதினோரு வருடமாக அப்படித்தான் செய்வேன். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, இங்கே யாரும் வரக் கூடாது என்று சொல்வேன். பிறகு, சொல்ல வேண்டியது இப்போது நான் இல்லை என்று ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றின் அடியில் விரலைவிட்டுத் தோண்டிப் பார்த்தேன். உறை இருந்தது. சரிபார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. மண்ணை மறுபடி மூடினேன். சின்னவள் வாங்கித் தந்த கத்தியைத் திறந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி, தரையோடு தரையாக நான்கையும் வெட்டினேன். நல்ல கூர்மை. சின்னவர் பையைக் கிளையில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி மகளுக்கு மரம் ஏறிக் காட்டிக்கொண்டிருந்தார். நான்கையும் அதில் போட்டேன்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் ஒரு தடவை தவறு செய்ய வேண்டும், அது எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது எப்படித் தெரியவரும் என்பதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். விபத்து என்று முடிவாகி மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கிறது. கணவர் உப்பில்லாமல் சாப்பிடுகிறார், நான் சொன்னால் கேட்கிறார். சொந்தக்காரர்கள் கடையில் வாங்கிய காளானைக்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் சமைக்கிறார்கள். நான் வராமல் இருந்திருக்கலாம்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் உங்கள் அறிக்கையின் நகல் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்கும் ஒன்று அனுப்பியிருந்தீர்களாம். மாதிரிப் புட்டிகளைக் கழுவும் பெண் அதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பாவப்பட்டு என் தோளைத் தொட்டாள்.

"விடுங்கக்கா. பதினோரு வருஷமா பாக்கற உங்களுக்கே தெரியலன்னா, பாவம் அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

வாங்கிப் படித்தேன். மேற்படி காளானைக் கையில் வாங்கிப் பரிசோதித்த மூத்த மருமகளும், நீண்ட அனுபவம் இருந்தும், அதை அடையாளம் காணத் தவறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரணத்தால்தான் சின்னவள்மீது வழக்கு இல்லை என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளை விட்டுவிடுங்கள்.

ஆனால் நான் தவறவில்லை. நான்கையும் முப்பது அடி தூரத்திலேயே தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். மற்றபடி உங்கள் அறிக்கை நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.